ஹார்னுக்குப் போகாத பேச்சு

இப்போது இருக்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை. எதைக் கேட்டாலும் பல்லைக் காட்டுகிறார்கள். ‘பார்த்துக்கலாம்’ என்கிறார்கள், ‘நம்ம ஆளாச்சே’ என்கிறார்கள், தோளில் கையைப் போடுகிறார்கள். கையை எடுத்த பிறகு பார்த்தால் தோள் மட்டும்தான் மிச்சம். என் வயதுக்காரர்கள் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. பிடிக்காதவனை மூஞ்சிக்கு நேரே திட்டினோம். ஆனால் திட்டு வாங்கியவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதாவது தெரியும். இன்றைக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

நான் மைக் செட் வைத்திருப்பவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. கூட்டம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எல்லாக் கட்சிக்கும் கட்டியிருக்கிறேன். எல்லாத் தலைவரும் ஒரே மாதிரிதான் தொண்டையைச் செருமுகிறார்கள். இத்தனை வருஷம் இத்தனை பேர் பேச்சு என் ஒயருக்குள் ஓடியிருக்கிறது, அதில் எதுவும் நடந்து நான் பார்க்கவில்லை. அதனால் எவனையும் நம்புவதில்லை. இதை என் பிள்ளை குறை என்பாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

என் தொழிலில் இரண்டு சாமான் முக்கியம். ஒன்று பாக்ஸ். மண்டபத்துக்குள்ளே வைக்கிற பெட்டி, எதிரே உட்கார்ந்திருப்பவன் காதுக்கு. இன்னொன்று ஹார்ன். கம்பத்தில் கட்டுகிற கூம்பு, தெருவில் போகிறவன், கடையில் நிற்கிறவன், மாடியில் துணி உலர்த்துகிறவள் எல்லார் காதுக்கும். ஆம்ப்ளிஃபயரில் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். இந்தக் கதைக்கு இது போதும்.

என் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்தபோது ஆண் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வளர்ந்தபிறகு பெண் என்று அவளே சொன்னாள். அதற்கு வீட்டில் என்ன நடந்தது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அவள் அம்மா கண்ணை மூடிய பிறகு நானும் அவளும்தான். அவள் என்றே எழுதுகிறேன். வாய் பழகிவிட்டது. மனசு பழகியதா என்றால் அது என் பாடு.

அவள் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுக்கிற மெஷினில் இருந்தாள். லீவு நாளில் எனக்கு ஒயர் இழுக்க வருவாள். என் முட்டி ஏணி ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்ததிலிருந்து கம்பத்தில் ஹார்ன் கட்டுவது அவள்தான். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் திட்டுவேன். மேலே நின்று ஒயரை வாயில் கடித்துக்கொண்டு அவள் பதில் சொல்லுவாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் இப்படித்தான்.

அவள் குடியிருந்தது துணிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற தெருவில், கடைசி வீட்டு மாடி. கீழ்ப் பகுதியில் இரண்டு ஆண்கள். ஒருவன் பஸ் கண்டக்டர். இன்னொருவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். அவர்களை நான் கண்டக்டர், பேக்கரி என்றுதான் கூப்பிடுவேன். பல வருஷமாக ஒரே அடுப்பு, ஒரே கட்டில். இது என்ன வாழ்க்கை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் கண்டக்டர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டான் என்று பேக்கரி போட்ட சண்டையைக் கேட்டேன். என் வீட்டுக்காரி என்னோடு போட்ட அதே சண்டை, அதே தொனி. அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது. மற்றது இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, எனக்கு மின்சாரமும்தான் விளங்கவில்லை, அதை வைத்துத்தானே பிழைக்கிறேன்.

அந்த வீடு டைல்ஸ் கடைக்காரருடையது. தேர்தல் வந்த சமயத்தில் அவர் என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நான் கெட்டவன் இல்ல பெரியவரே. வாடகை சரியா வருது. வீட்ட என்னைவிட சுத்தமா வச்சிருக்காங்க. ஆனா தெருக்காரனுங்க தினம் கடைக்கு வந்து மானத்த வாங்குறானுங்க. குடும்பம் இருக்கிற தெருவுல இதுங்கள ஏன் வச்சிருக்கேன்னு.”

“உங்க வீடு. வச்சிருக்கேன், போடான்னு சொல்லுங்க.”

“சொல்லலாம். அப்புறம் என் கடையில எவன் டைல்ஸ் வாங்குவான்? நீங்களா?”

“என் வீட்டுத் தரையே சிமெண்டு.”

அவர் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு வழி இருக்கு. வக்கீல் நிக்கிறாரில்ல, அவரு சொல்லட்டும். இந்த மாதிரி ஆளுங்களுக்கும் வீடு குடுக்கணும், எவனும் தடுக்கக் கூடாதுன்னு, தெரு கேக்கச் சொல்லட்டும். இந்தத் தெருவுல எல்லாரும் அவரு ஆளுங்கதான். அவரு வாயால வந்துட்டா, தலைவரே சொல்லிட்டாருடான்னு நானே விரட்டிருவேன். இல்லேன்னா தேர்தல் முடிஞ்ச கையோட காலி பண்ணச் சொல்லிருங்க. எனக்கு வேற வழி தெரியல.”

இவ்வளவு பேசியவர் ஒரு வார்த்தை அவளிடமோ அந்தப் பையன்களிடமோ நேரே பேசவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீல் என்று அவர் சொன்னது எங்கள் பகுதியில் நின்ற வேட்பாளரை. நல்ல பேச்சாளர். என் பிள்ளைக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை. திருநங்கைகள், ஆணோடு ஆண் வாழ்கிறவர்கள், பெண்ணோடு பெண் வாழ்கிறவர்கள் எல்லாருக்கும் சம உரிமை என்று வாயைத் திறந்து சொன்ன ஒரே வேட்பாளர் அவர்தான் என்பாள். அது பொய்யில்லை, சொன்னார். நானே கேட்டிருக்கிறேன். எங்கே சொன்னார் என்பதுதான் விஷயம். நாலு சுவருக்குள், நாற்காலி போட்டு, இவர்களை மட்டும் உட்காரவைத்துச் சொன்னார். அந்த மாதிரிக் கூட்டம் என்றால் அவருக்குக் குடை பிடிக்கிற ஆள் முன்கூட்டியே என்னிடம் வந்துவிடுவான். வெயில், மழை எதுவானாலும் வக்கீல் தலைக்கு மேலே குடையோடு நிற்பான், அதனால் குடை என்றே அவனுக்குப் பேர்.

“பெரியவரே, இதுக்குப் பாக்ஸ் மட்டும் போதும். ஹார்ன் வேணாம்.”

“ஏன், காசு மிச்சம் பிடிக்கிறீங்களா?”

“அதெல்லாம் உங்களுக்கெதுக்கு? சொன்னதச் செய்யுங்க.”

இதை என் பிள்ளையிடம் சொன்னேன். “உள்ள ஒண்ணு, வெளியில ஒண்ணு வச்சிருக்கான். பாக்ஸ்ல வர்றது உனக்கு. ஹார்ன்ல வர்றதுதான் அவன் நெஜம்.”

“அப்பா, அவருக்குப் பயம். மனசு இல்லாம இல்ல. ஒரு தடவ வெளியில வந்துருச்சுன்னா அப்புறம் பின்வாங்க மாட்டாரு. யாராவது கொஞ்சம் தள்ளிவிடணும், அவ்வளவுதான்.”

“தள்ளிவிட்டா முன்னாடி போவான்னு யாரு சொன்னது?”

“உங்ககிட்ட பேசுறதுக்கு இந்த ஏணிகிட்டப் பேசலாம்.”

தேர்தலுக்கு முந்தின லீவு நாளில் சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். முதலில் உள்ளே இவர்களுக்கு. அது முடிந்ததும் அதே மண்டப வாசலில் நின்று சந்தைக்காரர்களுக்குப் பேசுவதாக ஏற்பாடு. அதனால் தெருவில் ஹார்ன் எல்லாம் காலையிலேயே கட்டி முடித்துவிட்டோம். சந்தை முனையில் கட்டின கடைசி ஹார்னுக்கு எதிரே உயரமான கிடங்குச் சுவர் ஒன்று இருக்கிறது. அங்கே சத்தம் போய்ப் பட்டு, திரும்பி வரும். பேசுகிறவன் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கும்போது, முதல் வார்த்தை அவன் காதுக்கே வந்து சேரும். புதுசாகப் பேசுகிறவர்கள் இதில் திக்கிப்போவார்கள். பழகினவர்கள் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, தன் சத்தம் திரும்பி வந்தபிறகு அடுத்ததைச் சொல்வார்கள். தெருப் பேச்சாளர்கள் இழுத்து இழுத்துப் பேசுவது அழகுக்காக என்று நினைக்கிறவர்கள் உண்டு. அழகெல்லாம் இல்லை, சுவர்.

மண்டபம் நிறைந்திருந்தது. கண்டக்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். பேக்கரி கை நகத்தில் காய்ந்த மாவோடு நேரே வேலையிலிருந்து வந்திருந்தான். டைல்ஸ் கடைக்காரர் உள்ளே வரவில்லை. சந்தைப் பக்கம் தெருக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வக்கீல் எழுந்தார். மளமளவென்று பேசினார், தெருவில் பேசுகிற மாதிரி இழுக்கவில்லை.

“நீங்கள் கேட்பது சலுகை இல்லை. உரிமை. எந்தத் தாயும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துப் பெறுவதில்லை, எந்தப் பிள்ளையும் தன் உடம்பைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்ந்தால் அதுவும் குடும்பம்தான். திருநங்கை வந்து வீடு கேட்டால் வீடு தரத்தான் வேண்டும். மறுத்தால் அது குற்றம்.”

கை தட்டினார்கள். பேக்கரி அழுதான். எனக்கே ஒரு நிமிஷம் இவன் நெஜமாகத்தான் பேசுகிறானோ என்று தோன்றியது. அவ்வளவு நன்றாக இருந்தது.

என் பிள்ளை என் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரிடம் குந்தியிருந்தாள். அவள் கை ஹார்ன் சுவிட்சுக்குப் போவதைப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அந்த வீடு போனால் அந்தப் பகுதியில் அவளுக்கு வேறு எவனும் வீடு தரமாட்டான், அது எனக்கும் தெரியும். சுவிட்சைப் போட்டாள்.

“இதற்கான சட்டத்தை நான்...” என்றார் வக்கீல்.

‘நான்’ என்று தெருவிலிருந்து வந்தது.

அவர் வாய் திறந்தபடியே நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. குடை மேடைக்குப் பின்னாலிருந்து என்னை நோக்கி ஓடி வந்தான். வக்கீல் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, நிதானமாகக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு ஆரம்பித்தபோது வேறு ஆள் மாதிரி இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டார்.

“சிலர்... சம உரிமை... கேட்கிறார்கள். கேட்பது... தவறில்லை. ஆனால்... குடும்பங்கள் வாழும் தெருவில்... யார் குடியிருக்கலாம்... யார் கூடாது... என்பதை... அந்தத் தெருவே... முடிவு செய்யட்டும். இதுதான்... என் நிலைப்பாடு. என்றைக்கும்... இதுதான்.”

ஒவ்வொன்றும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. உள்ளே ஒருவரும் அசையவில்லை. வெளியே சந்தையிலிருந்து கைதட்டல் கேட்டது. பலமான கைதட்டல்.

வக்கீல் கும்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். குடை எங்களிடம் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

“எவன் போட்டது?”

“நான்தான்,” என்றாள் என் பிள்ளை.

“உனக்காகத்தானே பேசிட்டிருந்தாரு! ஜெயிச்சதும் செஞ்சிருப்பாரு! நீயே உன் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியே!”

“உள்ள பேசுனதத்தான் வெளியில பேச விட்டேன். நான் வேற ஒண்ணும் பண்ணலையே.”

“ஏன் பெரியவரே, உங்களுக்காவது அறிவு வேணாமா?”

“இருந்தா உங்க கூட்டத்துக்கு ஒயர் இழுப்பனா?” என்றேன். அவனோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஹார்னைக் கழற்றப் போய்விட்டாள். அன்றைக்கு நான் கீழே நின்று திட்டவில்லை.

தேர்தல் முடியும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் டைல்ஸ் கடைக்காரர் தச்சரோடு வந்தார். பின்னாலேயே தெருக்காரர்கள். நான் ஒயர்ச் சுருளை எடுக்க அங்கே போயிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்தேன்.

“கதவு ரிப்பேருங்க,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “கழட்டி எடுத்துட்டுப் போறோம்.”

“கதவு நல்லாத்தானே இருக்கு,” என்றான் பேக்கரி.

“ரிப்பேரு.”

“எப்பத் திரும்பி வரும்?”

தச்சர் கீல் ஆணியைக் கழற்ற ஆரம்பித்தார். இது வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழி. காலி பண்ணு என்று சொன்னால் கேஸ் வரும், வாய்ச்சண்டை வரும். கதவைக் கழற்றிவிட்டால் ஒன்றும் சொல்லவே வேண்டாம். கதவில்லாத வீட்டில் எத்தனை நாள் இருப்பார்கள்? அதுவும் இவர்கள், அதுவும் அந்தத் தெருவில்.

பேக்கரி கதவை விடவில்லை. நிலையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விடு, விடு என்று கத்தினார்கள். கண்டக்டர் டியூட்டிக்குப் போயிருந்தான். என் பிள்ளை மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். தெருக்காரர்களில் எவனோ ஒருத்தன் கதவை உதைத்துத் தள்ளினான். யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன், நான் அந்தச் சந்தையில்தான் பிழைக்க வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே பேக்கரியின் வலது கை மாட்டியது. அந்தச் சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை.

தெருவே உள்ளே போய்விட்டது. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. டைல்ஸ் கடைக்காரர், “நான் இதச் சொல்லல, நான் இதச் சொல்லல,” என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவர் சொல்லவில்லைதான். எவனுமே எதையும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள்தான் தூக்கிப் போனோம். கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே ஓடி வந்தான். இரண்டு விரலை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் கையே போகும் என்று டாக்டர் சொன்னார். அவன் கையால் போட முடியாது, கையெழுத்துக்கு வீட்டு ஆள் வேண்டும்.

“நான் இருக்கேன்,” என்றான் கண்டக்டர்.

கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “நீங்க என்ன உறவு?”

பஸ்ஸில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே இறங்கு, ஏறு என்று தொண்டை கிழியக் கத்துகிறவன். இங்கே குனிந்து மெதுவாகப் பேசினான். “கூட இருக்கேங்க,” என்றான்.

“கூட இருக்கிறவங்கல்லாம் போட முடியாதுப்பா. அப்பா, அம்மா, சம்சாரம், கூடப்பொறந்தவங்க, யாராச்சும் வரச் சொல்லுங்க.”

“அவனுக்கு நான்தாங்க இருக்கேன். அவங்க வீட்டுல பேச்சே கிடையாது. ரொம்ப வருஷமா...”

“நான் என்னப்பா பண்றது? சட்டம் அப்படி.”

அவர்மேல் தப்பில்லை. அந்த இடத்தில் அவர் வேறு என்ன சொல்ல முடியும்? கண்டக்டர் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே பேக்கரி வலியில் கத்துவது கேட்டது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான்?

“நான்தாம்மா அவன் அப்பா,” என்றேன்.

“இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க பெரியவரே? முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“காது மந்தம். மைக் செட்டு வேலை.”

கையெழுத்துப் போட்டேன். என் சொந்தப் பேரையே போட்டேன். அந்தம்மா அதைச் சரிபார்க்கவுமில்லை. கூட வாழ்ந்தவனுக்கு உரிமையில்லை, வழியில் வந்த கிழவனுக்கு உண்டு. பொய் சொல்லத் தெரிந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

விரல் இரண்டும் போயிற்று. மயக்கம் தெளிந்து பேக்கரி என்னைப் பார்த்தான். யார் சொன்னார்களோ, தெரிந்துவிட்டது.

“என்னப்பா,” என்றான். நாக்கு குழறியது. “சொத்துல எனக்குப் பங்கு உண்டா?”

“ரெண்டு ஓட்ட ஹார்ன் கெடக்கு. எடுத்துட்டுப் போ.”

சிரித்தான். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். மாவு பிசைகிற கை. கண்டக்டர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து டிக்கெட் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

என் வீட்டில் ஒரு ஆள் படுக்கத்தான் இடம், அதனால் மூன்று பேரும் என் கடைக்குப் பின்னால் சாமான் போடுகிற அறைக்கு வந்து சேர்ந்தார்கள். பாக்ஸ்களை ஒரு பக்கம் அடுக்கி, ஒரு பக்கம் பாயைப் போட்டார்கள். மழை வந்தால் தலைமாட்டில் ஒழுகும். என் பிள்ளைக்குக் கம்பெனியிலும் வேலை போயிற்று. உண்மையான காரணத்தை யாரும் சொல்லவில்லை, ‘ஆர்டர் குறைஞ்சிருச்சு’ என்றார்கள். வாசலில் ஆள் தேவை என்று எழுதிப் போட்டிருந்ததாம். அவள் வேறு வீடு தேடிக்கொண்டே இருந்தாள். போனில் கேட்டால் வீடு இருக்கும். நேரில் போனால் இருக்காது.

வக்கீல் ஜெயித்தார். சந்தையில் பெரிய கூட்டம் போட்டார்கள். வேறு மைக் செட்காரனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவன் கட்டின ஹார்ன் ஊளையிட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் வக்கீல் வந்தார். காரை எங்கேயோ நிறுத்திவிட்டுப் பின்சந்து வழியாக நடந்து வந்தார். குடைகூட வரவில்லை, தலையில் வெயில் அடித்தது. அறைக்குள் நுழைந்ததும் அவரே கதவைச் சாத்தினார். உட்கார நாற்காலி இல்லை. ஒரு பாக்ஸின்மேல் உட்கார்ந்தார்.

பேக்கரியின் கையைப் பார்த்துவிட்டு, “மன்னிச்சிருங்க தம்பி,” என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். கலங்குகிறவர்களுக்கு எங்கேயும் கலங்கும்.

“அன்னிக்கு எனக்கு வேற வழி இல்லம்மா,” என்றார் என் பிள்ளையிடம். “அந்த நிமிஷம் நான் சொல்லியிருந்தா தோத்திருப்பேன். தோத்தவனால உங்களுக்கு என்ன பிரயோஜனம்? இப்ப பதவி இருக்கு. முதல் கூட்டத்துலயே மசோதா கொண்டு வரப்போறேன். வீடு, வேலை, ஆஸ்பத்திரிக் கையெழுத்து எல்லாம் அதுல இருக்கு. சத்தமில்லாம செஞ்சுதான் ஆகணும். சத்தம் போட்டா விடமாட்டாங்க.”

“சத்தமில்லாமன்னா?” என்றாள்.

“முதல்ல சட்டம். அப்புறம் பேச்சு.”

“சரி. அதுவரைக்கும் நாங்க எங்க இருக்கிறது?”

“என் ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு. போன் எடுக்கிற வேலை. பின்னால ஒரு ரூமும் இருக்கு, நீங்க மூணு பேரும் தங்கிக்கலாம். யாருக்கும் தெரிய வேணாம். கொஞ்ச நாளைக்கு.”

பின்னால் ஒரு ரூம். யாருக்கும் தெரிய வேண்டாம்.

“ஐயா,” என்றேன், “வெளியில சந்தை இருக்கு. கதவத் திறந்துக்கிட்டு வாங்க. மைக்குகூட வேணாம். சும்மா நின்னு, அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்துப் பேரு கேட்டாப் போதும். நான் நம்புறேன்.”

“உங்க கோபம் புரியுது பெரியவரே.”

“கோபம் இல்ல. ஒரு வார்த்தைக்கே பயப்படுற ஆளு எப்படிச் சட்டம் போடுவீங்க? அதான் கேக்கிறேன்.”

“அரசியல் அவ்வளவு நேரடியா இருக்காதுங்க.”

“கதவக் கழட்டுறது நேரடியாத்தானே இருந்துச்சு.”

அவர் குனிந்துகொண்டார். கண்டக்டர் பேக்கரியைப் பார்த்தான். பேக்கரி ஒழுகின இடத்துக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் வர்றேன் சார்,” என்றாள் என் பிள்ளை. “எப்ப வரணும்?”

“ஏய்!” என்றேன்.

“அப்பா.” எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. “நீங்க நம்ப வேணாம். நானும் முழுசா நம்பிட்டேன்னு சொல்லல. அவனுக்குக் கை இல்ல, எனக்கு வேல இல்ல. இந்த ரூம்ல மழைக்கு ஒதுங்க இடமில்ல. இவர் ஒருத்தர்தான் கதவத் தட்டிட்டு வந்திருக்காரு. நான் யாருகிட்டப் போகணும், சொல்லுங்க.”

யாரிடமும் போகாதே என்று சொல்லலாம். அதைச் சொல்லித்தான் நான் இவ்வளவு வயதுக்கு வந்திருக்கிறேன், அதனால் யாருக்கும் ஒரு வீடு கிடைத்ததில்லை.

“இவன் செய்யமாட்டான்,” என்றேன், அவர் இருக்கும்போதே. “எழுதி வச்சுக்கோ. ரூம் குடுப்பான். சட்டம் குடுக்கமாட்டான்.”

“குடுத்துட்டா?”

“குடுத்தா நல்லது. குடுக்கமாட்டான்.”

வக்கீல், “ஒரு தடவ நம்பிப் பாருங்களேன் பெரியவரே,” என்றார். அவர் குரல் அன்றைக்கு மண்டபத்தில் இருந்த மாதிரியே மளமளவென்று, இனிமையாக இருந்தது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல.

நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். எங்கே போறீங்க என்று என் பிள்ளை கேட்டாள். ஒயர் வாங்கணும் என்றேன். கடையில் ஒயர் நிறையவே இருந்தது, அது அவளுக்கும் தெரியும். கதவைத் திறந்து வெளியே வந்தேன். உடனே உள்ளேயிருந்து யாரோ அதைச் சாத்தினார்கள். அவர் பேச்சு கதவைத் தாண்டி வரவில்லை. சந்தைப் பக்கம் நடந்தேன்.